துரை மெலிகிறார்

ஜூன் 28

இன்றும் தயிர் உறையவில்லை. பால்தூளைக் கரைத்து, வெதுவெதுப்பாக்கி, உறை ஊற்றி, எட்டு மணி நேரம் வெப்பப் பெட்டியில் வைத்தேன். திறந்தால் பால் பாலாகவே இருக்கிறது. இங்கிருந்து பாதி இந்தியாவுக்கு மின்சாரம் போகிறது, எனக்கு ஒரு கிண்ணம் தயிருக்கு வழியில்லை.

இன்னும் பதினான்கு நாள்தான். பன்னிரண்டாம் தேதி கப்பல். என் மகள் பியூலாவுக்கு இருபத்திரண்டாம் தேதி நாள் குறித்திருக்கிறார்கள். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது முறை. தாய் நிலவுக்கு அப்பால் உட்கார்ந்திருக்கிறாள், பாளையங்கோட்டையில் வீடு பூட்டிக் கிடக்கிறது. அவள் அப்பா இருந்திருந்தால் வீட்டையாவது திறந்து வைத்திருப்பார். போன வருஷமே பதிவு அலுவலகத்தில் மணம் முடித்துக்கொண்டவள், பிப்ரவரியில் கோயிலில் நடந்த கல்யாணத்துக்குத்தான் போக முடியவில்லை. இதற்கு நான் போயே தீருவேன்.

தயிருக்காகப் பூவராகனிடம் புகார் சொன்னேன். அவர் இந்த நிலையத்தின் மேலாளர். "பூமிக்குப் போய் நிறைய சாப்பிடுங்க மேடம்" என்றார். பெரிய யோசனை.

ஜூன் 30

தலைமையகத்திலிருந்து பாராட்டு வந்திருக்கிறது. இந்த நிலையம் தொடங்கிய இருபது வருஷத்தில் இல்லாத மின் உற்பத்தியாம். அதோடு மண் சிக்கனத்துக்கும் தனிப் பாராட்டு. பத்தாம் தேதி திரையில் விழா. பூவராகன் சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்துவிட்டார்.

எங்கள் வேலையைப் பற்றி எழுதிவைக்கிறேன், பின்னால் பேரப்பிள்ளை படிக்கட்டும். நிலையத்தின் நடுவில் ஒரு கருந்துளை இருக்கிறது. அணுவைவிடச் சிறியது, ஆனால் எடை ஒரு லட்சம் டன். அது சும்மா இருக்காமல் ஒளியாக வீசிக் கரைந்துகொண்டே இருக்கும். வீசுவதில் ஒரு சிட்டிகையைப் பிடித்துக் கீழே அனுப்புகிறோம். கரைவதற்கு ஈடாக நாளுக்கு முப்பத்திரண்டு டன் நிலவு மண்ணைத் தூளாக்கி ஒரு குழல் வழியாக அதன் வாயில் ஊட்ட வேண்டும். நேரம் தவறக் கூடாது, அளவு தவறக் கூடாது, ஒரு வார்த்தை நன்றி கிடையாது. அதனால் இங்கே எல்லாரும் அதைத் துரை என்கிறோம். நான் பதினோரு வருஷமாகத் துரைக்குச் சோறூட்டுகிறவள்.

ஜூலை 1

தண்ணீர் வடிகட்டியைக் கழுவினேன். கழுவ வேண்டியவர் பூவராகன்.

ஜூலை 3

ஊட்டல் அலுவலர் பொறுப்பை விட்டுப் போகும்போது, தன் கையால் ஒருமுறை துரையை எடை பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. தினமும் எடை பார்க்க வேண்டும் என்பதும் விதிதான். அது கிடக்கட்டும்.

எடை பார்ப்பது நான்கு மணி நேர வேலை. ஒரு குண்டைத் துரையைச் சுற்ற விட்டு, ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்க வேண்டும். துரை கனமாக இருந்தால் குண்டு சீக்கிரம் வரும். மெலிந்திருந்தால் மெதுவாக வரும். குண்டைப் பார்க்கும் கண்ணாடிக் குழாயிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. கழுத்து போய்விடும்.

குண்டு மெதுவாக வந்தது. தொண்ணூற்றாறாயிரத்து நானூறு டன்.

ஏதோ தப்புச் செய்திருக்கிறேன். நாளைக்குத் திரும்பப் பார்க்க வேண்டும். கழுத்து வலிக்கு எண்ணெய் தேய்த்தேன்.

ஜூலை 4

இரண்டு முறை பார்த்தேன். எட்டு மணி நேரம். தப்பு என்மேல் இல்லை.

மெலிந்த துரைதான் அதிகமாக எரிவார் என்பது இந்த வேலைக்கு வந்த முதல் நாளே சொல்லிக்கொடுப்பது. உற்பத்தி கூடியது எங்கள் சாமர்த்தியத்தால் இல்லை, பட்டினியால். மண் மிச்சமானதும் அதனால்தான். குழல் கொஞ்சம் விலகியிருக்கிறது. முக்கால்வாசி மண் வாயில் விழாமல் தாண்டிப் போய், எதிர்ப்பக்கத்து வலையில் விழுந்து, திரும்பவும் குழலுக்கே வந்திருக்கிறது. அதே மண்ணைச் சுற்றிச் சுற்றி ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். இதற்குத்தான் பாராட்டு, விழா, இஸ்திரி போட்ட சட்டை!

தொண்ணூற்றாறாயிரத்துக்குக் கீழே போனால் வீசும் ஒளியே மண்ணை வெளியே தள்ளிவிடும். அப்புறம் யார் வந்தாலும் ஊட்ட முடியாது. தானாகக் கரைந்து கரைந்து இரண்டரை வருஷத்தில் வெடிக்கும். நிலவில் குடியிருக்கும் நாற்பதாயிரம் பேரில் ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள். இப்போது போகிற வேகத்தில் அந்தக் கோட்டுக்கு இன்னும் பதினாறு நாள் இருக்கிறது.

பூவராகனிடம் சொன்னேன்.

"எடை பாக்கற கருவி பழுதாயிருக்கும் மேடம்."

"குண்டும் கடிகாரமும்தான் சார் கருவி. அதுல பழுதாக என்ன இருக்கு?"

"சரி, உண்மையாவே இருக்கட்டும். வெடிக்க ரெண்டரை வருஷம் இருக்கே? எனக்கு ஒண்ணே முக்கால் வருஷத்துல ரிடையர்மெண்ட்."

தமாஷாகச் சொன்னாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். தமாஷ் இல்லை.

ஜூலை 5

எடைப் பதிவேட்டைப் புரட்டினேன். பிப்ரவரி பத்து வரை ஒழுங்கான எண்கள். அதன் பிறகு ஒரே வார்த்தைதான். மேற்படி. மேற்படி. மேற்படி. இந்த மாதம் இரண்டாம் தேதி வரை நூற்று நாற்பத்திரண்டு மேற்படி. ஒருவராவது குண்டைத் தொட்டிருந்தால் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும்.

காசிமாயன் மாட்டினான். உசிலம்பட்டிக்காரன், இன்னொரு பணிமுறை ஊட்டல் அலுவலர், நாற்பத்தைந்து வயது. அவனைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன்.

"எழுபத்தொரு நாள் உன் கையெழுத்துடா! எடை பாக்காமயே மேற்படின்னு எழுத உனக்கு எப்படி மனசு வந்துச்சு? சோறு ஊட்டுறவன், பிள்ளைக்கு வயிறு நிறைஞ்சுதான்னு தொட்டுப் பாக்க மாட்டியா?"

"தப்புத்தேன்க்கா" என்றான்.  என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வை எனக்கு எரிச்சலாக இருந்தது.

மீதி எழுபத்தொரு நாள் மற்ற பணிமுறையில் எழுதியது. முதலில் எழுதியது யார், எந்த நாள் என்றெல்லாம் இப்போது ஆராய்ந்துகொண்டிருந்தால் துரைக்கு எடை கூடிவிடாது. ஆக வேண்டியதைப் பார்க்க வேண்டும்.

ஜூலை 6

தலைமையகத்தோடு ஒரு மணி நேரம். இணை இயக்குநர் வேதவல்லி பேசினார். குழலைச் சரிசெய்ய ஒன்பது நாள் கீழே மின்சாரம் அனுப்புவதை நிறுத்த வேண்டும், தெற்கு முழுவதும் இருட்டாகும், அனுமதி வேண்டும் என்றேன்.

"பாக்கியமணி, உங்க பதிவேடு என் முன்னாடி இருக்கு. நூத்து நாப்பத்திரண்டு நாள் ஒரு லட்சம் டன்னுன்னு சொல்லுது. ரெண்டே ரெண்டு நாள் நீங்க வேற சொல்றீங்க. நான் எதை நம்பறது?"

"அதெல்லாம் மேற்படிதானம்மா."

"மேற்படின்னா மேலே இருக்கற அளவேதான் இன்னைக்கும் வந்ததுன்னு அர்த்தம். கையெழுத்து ஆச்சுன்னும் இருக்கு, யாரோடதுன்னு மட்டும் எனக்கு வர்ற நகல்ல இல்ல. நூத்து நாப்பத்திரண்டு நாளும் எடை பாக்காமலே எழுதினீங்கன்னு யாராவது எழுதிக் குடுத்தா நான் மேலே பேசலாம். யார் ஆரம்பிச்சது, ஏன்னு இருக்கணும். இல்லாம தெற்கை இருட்டாக்க முடியாது."

நியாயம்தான். நியாயமாக இருப்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

ஜூலை 7

பியூலா கூப்பிட்டாள். பேச்சு போய்ச் சேர்ந்து பதில் வர மூன்று விநாடி ஆகிறது. சண்டை போடுகிறவர்களுக்கு இது பெரிய தொல்லை.

"கால் ரெண்டும் வீங்கிக் கிடக்கும்மா. இவிய வீட்டுல நல்லாத்தான் பாத்துக்கிடுதாவ. ஆனா நீங்க வந்தாத்தான் நம்ம வீட்டுக்குப் போவேன்னு சொல்லிட்டேன். பன்னெண்டாம் தேதி நிச்சயம் கெளம்பிருவியளா?"

"கெளம்பிருவேன் பிள்ள. பெட்டி பாதி கட்டியாச்சு."

"கல்யாணத்தன்னைக்கும் இப்படித்தான் சொன்னிய. நீங்க வரலேன்னாலும், அன்னைக்கு நாலு மணி நேரமும் திரையில உங்க முகம் இருந்துச்சும்மா. அசையாம பாத்துட்டே இருந்திய. கோயில்ல எல்லாரும் அதத்தான் பேசுனாவ. பிப்ரவரி பதினொண்ண என்னால மறக்கவே முடியாது."

நானும் மறக்கவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டுப் பேச்சை மாற்றினேன்.

பிறகு பூவராகன் அறைக்குக் கூப்பிட்டார். யாராவது ஒருவர் எழுதிக்கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்பது அவருக்கும் புரிந்துவிட்டது.

"காசிமாயன் பேர்ல போட்டுடலாம் மேடம். அவர் ஒப்புத்துக்கறார். அவர் எப்படியும் இன்னும் நாலு வருஷம் இங்கதானே இருக்கப் போறார். நீங்க கப்பல் ஏறிடுங்க."

காசிமாயன் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான்.

"ஆமாக்கா. எனக்கென்ன ஆகப் போகுது? நீங்க போயி பிள்ளையப் பாருங்க."

நான் சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. இப்படி நல்லவனாக இருந்து என் உயிரை வாங்குகிறானே!

ஜூலை 8

துணி துவைத்தேன். பெட்டியின் மீதிப் பாதியையும் கட்டினேன்.

ஜூலை 9

காலையில் காசிமாயன் கடிதத்தோடு வந்தான். "படிச்சுப் பாத்துத் திருத்திக் குடுங்கக்கா. நமக்கு எழுத்து அம்புட்டு வராது" என்றான். முதல் வரி: பிப்ரவரி பதினொன்றாம் தேதி பகல் பணியில் நான் இருந்தேன்.

பேனாவை எடுத்தேன். அந்த வரியில் திருத்த ஒரே ஒரு தப்புத்தான் இருந்தது.

பிப்ரவரி பத்தாம் தேதி குழலின் பிடிப்பை மாற்றினோம். பிடிப்பை மாற்றினால் மறுநாள் கட்டாயம் எடை பார்க்க வேண்டும். குழல் விலகியிருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். அந்த மறுநாள் பணியில் இருந்தது நான். நான்கு மணி நேரம் கண்ணைக் குழாயில் வைத்தால் கல்யாணத்தைப் பார்க்க முடியாது. என் ஒரே பிள்ளை கோயிலுக்குள் நடந்து வருகிறாள், அவள் பக்கத்தில் அப்பா இல்லை, அம்மாவும் இல்லை. நான் திரையைப் பார்த்தேன். முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பதிவேட்டில் மேற்படி என்று எழுதினேன். ஒரு நாள்தானே என்று நினைத்தேன். இந்த நிலையத்தின் இருபது வருஷத்தில் அந்த வார்த்தையை அந்தப் பதிவேட்டில் எழுதிய முதல் ஆள் நான்.

மறுநாள் காசிமாயன் பார்த்திருக்கிறான். அக்காவே எழுதியிருக்கிறார்கள், அப்படியானால் எழுதலாம் போலிருக்கிறது என்று அவனும் எழுதினான். அதற்கு அடுத்த நாள் அவன் எழுதியதைப் பார்த்து நான் எழுதினேன். நான்கு மணி நேரம் மிச்சம், கழுத்துவலி மிச்சம். எழுபத்தொரு நாள் என்று அவனைப் போட்டு வறுத்தேனே, மற்ற எழுபத்தொன்றும் நான் எழுதியவை. அன்றைக்கு அவன் அதைத்தான் கண்ணால் கேட்டான். வாயால் கேட்கவில்லை.

அவன் கடிதத்தைக் கிழித்துவிட்டு நான் எழுதினேன். மூன்று பக்கம். எல்லாவற்றையும் எழுதினேன், கல்யாணத்தையும் சேர்த்து. காசிமாயன் பக்கத்தில் நின்று, "பிள்ளப்பேறு அக்கா, பிள்ளப்பேறு" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். வாயை மூடுடா என்றேன். அனுப்பிவிட்டுத்தான் அழுதேன்.

ஜூலை 10

விழா ரத்து. பூவராகன் இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருக்கிறார். என்னோடு பேசவில்லை, நல்லதாகப் போயிற்று.

பகலில் இரண்டு உத்தரவுகள் வந்தன. முதல் உத்தரவு: நாளை முதல் ஒன்பது நாள் தெற்கே மின்சாரத்தை நிறுத்திக் குழலைச் சரிசெய்ய அனுமதி. இரண்டாவது உத்தரவு: ஊட்டல் அலுவலர் பாக்கியமணி பணியிடை நீக்கம். விசாரணை முடியும்வரை எந்தக் கருவியையும் தொடக் கூடாது. அனுமதியின்றிப் பணியிடத்தை விட்டு வெளியேறவும் கூடாது.

வெளியேறக் கூடாதாம். நான்கு லட்சம் கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் ஒரு தகர டப்பாவுக்குள் இருப்பவளிடம் சொல்கிறார்கள். கப்பலில் என் இடத்தை ரத்து செய்துவிட்டார்கள். வேதவல்லியைக் கூப்பிட்டு, விசாரணையை நான் கீழே வந்த பிறகு நடத்தக் கூடாதா என்று கேட்டேன்.

"விதி அப்படி இருக்கு பாக்கியமணி. விசாரணை அதிகாரி அடுத்த கப்பல்ல வருவார்."

"அடுத்த கப்பல் எப்பம்மா?"

"அக்டோபர்."

"குழலைக் கையால நேராக்கத் தெரிஞ்ச ஆள் இங்க நான் ஒருத்திதான். நானும் தொடக் கூடாதுன்னா யார் சரிபண்ணுவா?"

 "விதியில அதைப் பத்தி ஒண்ணும் இல்ல" என்றார்.

ஜூலை 12

கப்பல் வந்தது, சாமான்களை இறக்கியது, போய்விட்டது. இறக்கியதில் தயிர் உறை இரண்டு பொட்டலம் இருந்தது. பார்க்கவே பிடிக்கவில்லை.

கப்பல் கிளம்பிய பிறகுதான் பியூலாவிடம் சொன்னேன். முன்பே சொல்லத் தைரியம் வரவில்லை, அதுதான் உண்மை. ஏன் வரவில்லை என்பதையும் சொன்னேன்.

மூன்று விநாடி, ஆறு விநாடி, பன்னிரண்டு விநாடி ஆயிற்று.

"அப்போ என் கல்யாணத்தப் பாத்ததுதான் தப்பாம்மா?"

"அத நான் சொல்லலட்டி. பாத்துட்டு, எடையும் பாத்தேன்னு எழுதுனதுதான் தப்பு."

"இங்க கரண்டே இல்ல. ரெண்டு நாளா ஃபேன் ஓடல. வயித்தத் தூக்கிட்டு விசிறிக்கிட்டுக் கெடக்கேன். அதுவும் நீங்கதானா?"

"நான்தான்."

வைத்துவிட்டாள். அவள் இடத்தில் நான் இருந்தால் இன்னும் முன்னாலேயே வைத்திருப்பேன்.

ஜூலை 14

குழல் வேலை. நான் கருவியைத் தொடவில்லை. ஒரு நாற்காலியைப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். காசிமாயன் தொடுகிறான்.

"இடப்பக்கம். அய்யோ, அவ்வளவு இல்ல. மயிரிழைன்னு சொன்னா மயிரிழைதான்டா, கயிறு இல்ல! திரும்பக் கொண்டு வா."

"திட்டுங்கக்கா. நீங்க திட்டுனாத்தேன் கை நெதானமாகுது."

பூவராகன் வாசலில் நின்று பார்த்தார். இது விதிமீறலாகுமா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது. கடைசியில் உள்ளே வந்து, காசிமாயனுக்கு விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு மணி நேரம் நின்றார். அவரைப் பற்றி முன்னால் எழுதியதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். வடிகட்டி விஷயம் அப்படியே நிற்கிறது.

ஜூலை 16

தொண்ணூற்றாறாயிரத்து நாற்பது. கோட்டுக்கு நாற்பது டன்தான் பாக்கி. நாளைக்குள் குழல் நேராகாவிட்டால் அவ்வளவுதான். காலையிலிருந்து யாரும் சாப்பிடவில்லை. நான் திட்டுவதையும் நிறுத்திவிட்டேன்.

மதியத்துக்கு மேல் எதிர்ப்பக்கத்து வலையில் மண் விழுவது நின்றது. காசிமாயன் என்னைத் திரும்பிப் பார்த்தான். சரியாக இருக்கிறதா என்று கேட்டான். தெரியாது, ஒரு நாள் ஊட்டிவிட்டு எடை பார்த்தால்தான் தெரியும் என்றேன்.

ஜூலை 18

இரண்டு நாளாக வழக்கத்தைப்போல இரண்டு மடங்கு ஊட்டுகிறோம். காசிமாயன் எடை பார்த்தான். நான்கு மணி நேரம், கண்ணை எடுக்கவில்லை. நான் பின்னால் உட்கார்ந்து அவன் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூற்றாறாயிரத்து அறுபத்தைந்து. இருபத்தைந்து டன் கூடியிருக்கிறது.

காசிமாயன் எழுந்து ஆடினான். பூவராகன் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு துரையின் பக்கம் திரும்பி நின்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அடுத்த விநாடியே பியூலா ஞாபகம் வந்து எல்லாம் வடிந்துவிட்டது. ஆறு நாளாகக் கூப்பிட்டுப் பார்க்கிறேன், எடுக்கவில்லை. மருமகன் ஆசீர்தான் எடுத்து, "நல்லா இருக்கா அத்தை" என்று மட்டும் சொல்கிறார்.

ஜூலை 20

தெற்கே மின்சாரம் போய்விட்டது, போய்ச் சேர்ந்துவிட்டது என்று எழுதவேண்டும். பழையபடி சாதனை அளவெல்லாம் இல்லை. ஏன் குறைந்துவிட்டது என்று கேட்டுத் தலைமையகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. படித்துவிட்டுக் காசிமாயனிடம் கொடுத்தேன். நான் பணியிடை நீக்கத்தில் இருப்பவள், பதில் எழுத எனக்கு அதிகாரமில்லை. முதன்முறையாக அந்த உத்தரவால் ஒரு உபயோகம்.

ஜூலை 21

காலையில் ஆசீர் கூப்பிட்டார். குரலில் தூக்கமே இல்லை.

"அத்தை, பொம்பளப் பிள்ளை! ஆறு பத்துக்குப் பிறந்துச்சு. ரெண்டு பேரும் சுகம்."

 காசிமாயா என்று கத்தினேன். காசிமாயன் ஓடி வந்தான்.

"எடை எவ்வளவு மாப்ளை?"

"மூணு கிலோ அத்தை."

"யார் சொன்னா?"

"சீட்டுல எழுதியிருக்காங்க."

"சீட்டு கெடக்கு. நீங்க தராசுல வச்சுப் பாத்தீங்களா?"

"அது… நர்ஸ் எழுதினதுதான் அத்தை."

"எல்லாருக்கும் மூணு மூணுன்னு எழுதியிருப்பாங்க. நீங்க நிறுத்துப் பாருங்க."

பிள்ளை பிறந்த வீட்டில் பேசுகிற பேச்சா இது என்று சொன்ன பிறகுதான் உறைத்தது. மூன்று விநாடி போயிற்று.  எங்கேயோ தள்ளியிருந்து, களைத்துப்போன குரலில் பியூலா பேசினாள். ஒன்பது நாளுக்கு அப்புறம் அவள் குரலைக் கேட்கிறேன்.

"அம்மா சொல்லுதாங்கல்லா, போயி நிறுத்துப் பாருங்க. இங்க கொண்டு வந்து, என் கண்ணு முன்னால நிறுங்க."

காத்திருந்தேன். தராசை உருட்டிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. பிள்ளை வீறிட்டு அழுதது. யாரோ நர்ஸ் முணுமுணுத்தார். நானும் காசிமாயனும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம்.

"அம்மா."

"சொல்லு பிள்ள."

"ரெண்டு கிலோ எண்ணூத்து நாப்பது. நானே பாத்தேம்மா."